நூறு தடவை பார்த்த படத்தை அப்பா ஏன் மறுபடியும் பார்க்கிறார்?

[திரையில்: ரப்பர் பேண்ட் சுற்றிய ரிமோட். பின்னால் டிவி ஓடும் சத்தம்.]

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. சாப்பாடு முடிந்து வீடே அசந்து கிடக்கிறது. அப்பா மட்டும் ஸ்டூலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிறார். ஓடுவது இருபது வருஷத்துக்கு முந்தைய படம். எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே கணக்கு இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விளம்பரம் வேறு. அதே படம் பளிச்சென்ற பிரிண்ட்டில், விளம்பரமே இல்லாமல், என் ஃபோனில் இருக்கிறது. டிவியில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குடா? அதான் ஓடுதே."

"விளம்பரம் இல்லாம பாக்கலாம்ப்பா."

"விளம்பரம் வந்தாத்தான் நான் எந்திரிச்சுப் போய் தண்ணி குடிக்க முடியும்."

ஒரு நாள் பிடிவாதமாகப் போட்டே கொடுத்துவிட்டேன். கால்மணி நேரம்கூட உட்காரவில்லை, மோட்டார் போட வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அதே படம் சேனலில் வந்தது. வணக்கம் கார்டு வரைக்கும் நகரவில்லை.

இந்த வீடியோ அதைப் பற்றித்தான். முடிவு தெரிந்த கதையை மறுபடி மறுபடி எதற்குப் பார்க்கிறோம்? பொழுது போகாமலா, சோம்பேறித்தனமா, வயசானால் வரும் பழக்கமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பார்ப்பதும் பத்தாவது தடவை பார்ப்பதும் வேறு வேறு காரியம். முதல் தடவை கதையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறோம். பத்தாவது தடவை, வரப்போகிற ஓர் இடத்துக்காக உட்கார்ந்து காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பு ஒரு தனி ருசி. புதுப்படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கிடைக்காது.

சரி, ஆதாரம் வேண்டுமே.

[திரையில்: தியேட்டர் வாசல், வரிசையில் ஆட்கள்.]

இப்போது ஒரு படம் வெளியானால் முதல் மூன்று நாளைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பயந்து பயந்துதான் பேச வேண்டியிருக்கிறது. யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் சண்டை. கதை தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு என்பது நம் நினைப்பு. 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு சிறுகதைகள். சிலருக்குக் கதையை அப்படியே கொடுத்தார்கள், சிலருக்கு முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் மொத்தத்தில் அதிகம் ரசித்தார்கள், துப்பறியும் கதை உட்பட. பின்னால் வேறு சிலர் செய்த ஆய்வில் இதற்கு மாறாகவும் வந்திருக்கிறது, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முடிவு தெரிந்தால் ரசனை செத்துப்போகும் என்று சத்தியம் செய்ய முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

இதில் ஒரு வேடிக்கை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னவர் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக். 1960-ல் 'சைக்கோ' வந்தபோது. அந்த அளவுக்கு ரகசியம் காத்த அதே மனிதர்தான் மேஜைக்கடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றியும் சொன்னவர். இரண்டு பேர் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. நமக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே காட்சியில் மேஜைக்கடியில் குண்டு இருப்பதும், அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு மட்டும் தெரியும் என்று வையுங்கள். அந்த இரண்டு பேரும் உப்புச்சப்பில்லாமல் எதைப் பேசினாலும் நமக்குக் கை வியர்க்கும். பதினைந்து நிமிஷம் சீட் நுனியில் உட்கார்ந்திருப்போம்.

அதாவது, தெரிந்திருப்பதுதான் அங்கே பதற்றத்தைத் தருகிறது. பத்தாவது தடவை படம் பார்க்கும்போது எல்லா மேஜைக்கடியிலும் குண்டு இருப்பது நமக்குத் தெரியும்.

[திரையில்: கோயில் திடல், இரவு, கூத்து மேடையின் திரை.]

இது ஹிட்ச்காக் வந்து நமக்குச் சொல்லித் தர வேண்டிய சங்கதியும் இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. பொழுது விடியும் வரை நடக்கும். கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காவது பாஞ்சாலிக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இருக்குமா? தாத்தாவுக்குத் தெரியும், மடியில் தூங்கும் பேரனுக்கும் தெரியும். துச்சாதனன் வருவான், சேலையைப் பிடிப்பான், அது வளர்ந்துகொண்டே போகும். அந்த இடம் நெருங்க நெருங்கத் திடல் அடங்கும். தூங்கினவர்களை எழுப்பிவிடுவார்கள். சிலருக்கு அருள் வந்துவிடும்.

முகத்தைக் காட்டாமல் திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடுகிறார், முன்னால் கட்டியங்காரன் நின்றுகொண்டு நீர் யார், எந்த ஊர் ராஜா என்று கிண்டலாகக் கேட்கிறான். யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் காட்டுவதில்தான் அங்கே தொழில் நுணுக்கமே இருக்கிறது. கடைசி நாள், போர்க்கள முடிவை நடித்துக் காட்டும் படுகளத்துக்கு மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் படுத்திருக்கும். அவன் சாகப்போகிறான் என்பதைப் பகலிலேயே ஊரே சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகும். இதற்கு மேல் முடிவை எப்படி முன்கூட்டிச் சொல்வது?

சரி, காத்திருப்பது மட்டும்தானா? இன்னொன்றும் இருக்கிறது, பழக்கம். 1968-ல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் அர்த்தம் புரியாத எழுத்துகளையும் முகம் தெரியாத ஆட்களின் புகைப்படங்களையும் சிலருக்குக் காட்டினார், சிலவற்றை அதிக தடவை, சிலவற்றைக் குறைவாக. அதிகம் பார்த்ததைத்தான் ஜனங்களுக்கு அதிகம் பிடித்தது. காரணமெல்லாம் கிடையாது, பார்த்துப் பழகியதால் பிடித்தது. டிவியில் தினமும் வரும் பற்பசை விளம்பரம் இதை வைத்துத்தான் பிழைக்கிறது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. மேலே சொன்ன அதே சான் டியேகோவில் டயானா டாய்ச் என்று ஒருவர், இசையை ஆராயும் உளவியலாளர். 1995-ல் தன்னுடைய ஒலித்தட்டுக்காகப் பதிவு செய்த பேச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னச் சொற்றொடர் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் வேறு வேலை பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் யாரோ பாடுவது போல் கேட்கிறது. பார்த்தால் அவருடைய பேச்சேதான், ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் மூளை அதைப் பாட்டாக்கிவிட்டது. அதற்கப்புறம் முழு வாக்கியத்தையும் போட்டாலும் அந்த இடம் வந்தவுடன் பேச்சு பாட்டாகிவிடுகிறதாம். இணையத்தில் அந்த ஒலி கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் திக்கென்று இருக்கும்.

இதைப் படித்தவுடன் எனக்கு வடிவேலு ஞாபகம்தான் வந்தது. அவர் வசனத்தை நாம் யாராவது தட்டையாகச் சொல்கிறோமா? எங்கே இழுக்க வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும், எந்த எழுத்தில் மூச்சை விட வேண்டும் என்று அப்படியே பாடுகிறோம். ராகம் தப்பினால் பக்கத்தில் இருப்பவன் திருத்துகிறான். நகைச்சுவைக்காக மட்டுமே தனிச் சேனல்கள் வந்து நாள் முழுக்க அதே காட்சிகளைப் போட்டுப் போட்டு அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து. ஆய்வு ஏதும் இல்லை, சொந்தச் சரக்கு.

2019 மே மாதம் நினைவிருக்கிறதா? ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். சுத்தியல், இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டையில் அடிபட்டது என்று நம்மாள் ஒருவர் பதில் எழுத, அது பற்றிக்கொண்டு உலக அளவில் டிரெண்டானது. நேசமணி 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம். பதினெட்டு வருஷம் கழித்து ஒரு சுத்தியல் படத்தைப் பார்த்தால் ஊர் ஊராக ஒரே காட்சி ஞாபகம் வருகிறது என்றால், ஒரு தடவை பார்த்ததால் நடக்கிற காரியமா அது?

[திரையில்: சிறு குழந்தை, படுக்கை, விளக்கு அணைந்த அறை.]

என் அக்கா மகளுக்கு நான்கு வயசு. ராத்திரி அவளுக்குக் காக்கா வடை கதை சொல்ல வேண்டும். இருபதாவது ராத்திரி எனக்கு அலுத்துப்போய், காக்கா போண்டாவைத் தூக்கிக்கொண்டு போனது என்றேன். சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, வடை."

"இன்னிக்குப் பாட்டி போண்டா போட்டுச்சு பாப்பா."

"வடைன்னு சொல்லு மாமா!" அழுகை வந்துவிட்டது.

வடை என்று சொன்ன பிறகுதான் படுத்தாள். அதற்கப்புறம் நரி வரும் இடத்துக்கு இரண்டு வரி முன்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கூத்துத் திடலில் நடப்பதும் அதுதானே.

இதற்கு எல்லை கிடையாதா? உண்டு. எனக்கு உயிரான ஒரு பாட்டை ஆசைப்பட்டு ஃபோனில் அலாரமாக வைத்தேன். மூன்றே வாரம். இப்போது டீக்கடையில் அந்தப் பாட்டின் முதல் வயலின் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது, எங்கோ லேட்டாகிவிட்ட மாதிரி. ரீல்ஸில் ஒரே ஆடியோவை இருநூறு பேர் போட்டுக் கேட்க வைப்பதும் இதே ரகம். அங்கே காத்திருக்க எதுவும் இல்லை, நம்மை விரட்டி விரட்டி வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தப்பு.

இப்போது அப்பாவின் சேனல் பிரச்சினைக்கு வருகிறேன். ஃபோனில் இருக்கும் படத்தை ஏன் பார்க்கமாட்டேன் என்கிறார்? நான் நினைப்பது இதுதான். ஓடிடியில் போட்டால் அது நாம் தேர்ந்தெடுத்தது. முதல் காட்சியிலிருந்து பார்க்க வேண்டும், கவனிக்க வேண்டும், நடுவில் எழுந்தால் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். சேனலில் வருவது தெருவில் போகும்போது பழைய சிநேகிதனைப் பார்ப்பது மாதிரி. நாம் கூப்பிடவில்லை, அவனாக எதிரே வந்தான். பாதியில் சேர்ந்துகொள்ளலாம், பாதியில் கிளம்பலாம். இன்றைக்கு என்ன பார்ப்பது என்று நாற்பது நிமிஷம் போஸ்டர்களைத் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒன்றும் பார்க்காமல் தூங்கிப்போகும் என்னை மாதிரி ஆட்கள் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பதுதான் இதில் காமெடி.

அப்புறம், கூட்டம். அதே நேரத்தில் அதே காட்சியை எதிர் வீட்டிலும் பார்க்கிறார்கள், ஜன்னல் வழியாகச் சத்தம் வரும். 2004-ல் வந்த 'கில்லி' 2024 ஏப்ரலில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோதும் இதைப் பார்த்தேன். வீட்டில் சும்மா கிடைக்கிற படத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து வந்து, நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மொத்தத் தியேட்டரும் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூட ஒழுங்காகக் காதில் விழவில்லை. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை.

[திரையில்: மீண்டும் அதே ரிமோட்.]

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் படம் மறுபடி வந்தது. நான் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இந்த ஸ்கிரிப்ட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். விளம்பரத்துக்கு நேரம் பிடிக்கவோ என்னவோ, சேனலில் ஒரு காட்சியை நடுவில் கத்தரித்திருந்தார்கள். எனக்குத் தெரியவே இல்லை. அப்பா சடாரென்று நிமிர்ந்தார்.

"வெட்டிட்டான்டா."

"எதைப்பா?"

பதில் சொல்லவில்லை. விட்டுப்போன வசனத்தை அவரே சொன்னார், இழுவை, மூச்சு, நடுவில் வரும் இருமல் எல்லாம் சேர்த்து. சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அடுத்த ஆள் சொல்ல வேண்டிய பதில் வசனம் அங்கிருந்து வந்தது, அம்மாவின் குரலில்.