நம் மலையில் ஏன் புதைபடிவம் கிடைக்காது?

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வரும்போதே ஒரு தம்பி கல் ஒன்றை நீட்டினார். அதில் கறுப்பாக, கிளை கிளையாக, பாசிச் செடி மாதிரி ஒரு கோலம். "சார், இது புதைபடிவம்தானே?" இல்லை தம்பி. கல்லின் வெடிப்புக்குள் இறங்கிய நீரிலிருந்து மாங்கனீசு படிந்தால் இப்படித்தான் கிளைவிடும், இதில் எந்தச் செடியும் இருந்ததில்லை.

அதோடு, வேலூரைச் சுற்றி நிற்கிற மலைகளில் தேடுவதே வீண் வேலை. பூமியின் ஆழத்தில் பயங்கரச் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவான பாறைகள் இவை, வயது சுமார் 250 கோடி ஆண்டு. அன்றைக்கு எலும்பும் கிடையாது, மரமும் கிடையாது, இருந்ததெல்லாம் நுண்ணுயிர்கள்தான். அவையே வண்டலில் சிக்கியிருந்தாலும் அந்தச் சூட்டில் என்ன மிஞ்சும்?

சரி, பாலாற்றுக்கு வருவோம். ஒரு எருமை மணலில் செத்துக் கிடக்கிறது. நாய் இழுக்கும், காக்கை கொத்தும், வெயிலில் எலும்பு வெடிக்கும், எப்போதாவது வருகிற வெள்ளம் மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதே வெள்ளம் செத்த சூட்டோடு வண்டலைக் கொட்டி மூடி, காற்றுப் புகாமல் போய், மேலே மேலே மண் ஏறி இறுகி, லட்சக்கணக்கான ஆண்டு கழித்து அந்த மண் அரித்துப்போய், சரியாக அந்த நேரம் பார்த்து விவரம் தெரிந்த ஒருத்தர் அந்தப் பக்கம் நடந்தால்தான் நமக்கு ஒரு புதைபடிவம்.

பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள், அப்படியே பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுமார் 2 கோடி ஆண்டு வயது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அறைகளுக்குள் புகுந்து உறைந்ததால் வளையம், கணு எல்லாம் அப்படியே தெரியும், தட்டினால் கல் சத்தம் கேட்கும். அப்புறம் இன்னொன்றைக் கவனியுங்கள்: எல்லாமே படுத்துக் கிடக்கும், கிளையும் இல்லை, வேரும் இல்லை. அங்கேயே வளர்ந்த காடாக இருந்தால் வேர் எங்கே போயிற்று? எங்கிருந்தோ வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறது. எனக்குப் பிடித்ததே இந்தத் துப்பறியும் வேலைதான்.

அரியலூர்ப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே கிடைப்பது அம்மோனைட், சுருள் சுருளாக ஓடு கொண்ட கடல் பிராணி. இன்று வறண்ட பொட்டலாக இருக்கும் அந்த நிலம் 10 கோடி ஆண்டுக்கு முன் கடலடி. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கடல் படிவுக்குள்தான் கிடக்கிறது, கரையிலிருந்து மிதந்து வந்து மூழ்கியிருக்கிறது. 2020இல் பெரம்பலூர்ப் பக்கம் குளம் வெட்டும்போது உருண்டைகள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கக் கிளம்பிவிட்டது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகிய உருண்டைகள் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை, கடல் இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சிதானே. இப்போது கேள்விகள் கேளுங்கள், பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.