கிளிநொச்சி வளவிலிருந்து விண்மீன் கொத்தும் இருள் நெபுலாவும்

[காட்சி: கிணற்றடியில் முக்காலியில் கமரா, வேலிக்கு அப்பால் வீதி விளக்கு]

வணக்கம். ஆனி, ஆடி மாதங்களில் நிலவில்லாத இரவொன்றில் கிளிநொச்சி நகரத்து வளவில் நின்று தெற்கே பார்த்தால், ஏ9 வீதி விளக்குகள் வானத்தைச் சாம்பல் நிறமாக்கியிருந்தாலும், விருச்சிகத்தின் வளைந்த வாலும் நுனியில் மூல நட்சத்திரமும் தெரியும். அதற்குச் சற்றுக் கிழக்கே, ஏறத்தாழ 980 ஒளியாண்டு தொலைவில், எம் 7 என்ற விண்மீன் கொத்து இருக்கிறது. இலண்டனில் அடிவானத்திலிருந்து 4 பாகைகூட எழாத அது, நமக்கு 45 பாகை வரை ஏறி வருவது பெரும் பேறு.

கொத்தைப் படமெடுப்பது எளிது. விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவிகிறது; நகரத்தின் ஒளியோ படம் முழுவதும் பரவி விழுகிறது. 50 மி.மீ. லென்ஸில் 5 செக்கன் போதும்.

[காட்சி: பால்வீதியின் நடுப்பகுதி, குழாய் நெபுலாவின் வடிவம் கோடாக வரையப்படுகிறது]

இருள் நெபுலா என்ற விண்வெளித் தூசு முகில் அப்படியன்று. அது ஒளிர்வதில்லை, பின்னாலுள்ள விண்மீன்களைத் தூசு மறைப்பதனாலேயே அதன் வடிவம் தெரிகிறது. 1919இல் இத்தகைய 182 இருட்பகுதிகளைப் பட்டியலிட்ட அமெரிக்க வானியலாளர் எட்வேர்ட் எமர்சன் பார்னார்ட்டே, இவை விண்மீன்களற்ற வெற்றிடங்களோ என்று முன்னர் எண்ணியிருந்தார். நகர ஒளி அந்த முகிலுக்கு முன்னால், நமது வளிமண்டலத்திலேயே பரவுவதால், கருமையாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகிவிடுகிறது. ஐதரசன் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி இங்கே உதவாது; இருளுக்கு வடிவம் தரும் விண்மீன் ஒளியையே அது பெருமளவு தடுத்துவிடும். எனவே வடிகட்டிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து.

விண்மீன்கள் நெருங்கிய பின்னணியைத் தேடுங்கள். கேட்டை நட்சத்திரத்திலிருந்து, நீட்டிய கையின் ஒரு முட்டி அளவு கிழக்கே குழாய் நெபுலா என்ற இருள் நெபுலா தொடங்குகிறது. 5 செக்கன் படங்கள் 400 எடுத்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இரைச்சலுக்கு, அதாவது படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகளுக்கு, எதிரான ஒளியின் பலம் ஏறத்தாழ 20 மடங்காகும். வான ஒளியின் சராசரியைப் பின்னர் கழிக்கலாம். அது விட்டுச்செல்லும் இரைச்சலைக் கழிக்க இயலாது என்பதால்தான் இத்தனை படங்கள் தேவைப்படுகின்றன. சோளகக் காற்று முக்காலியை ஆட்டும். நடுத்தண்டில் மணற்பை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். வீதி விளக்கு லென்ஸில் நேராகப் படாதவாறு தண்ணீர்த் தாங்கியின் நிழலில் நில்லுங்கள்.

[காட்சி: ஒரே வானம், இரு படங்கள், ஒன்றில் கமரா 90 பாகை திரும்பியுள்ளது]

கிடைத்த இருள் உண்மையானதா என்ற ஐயம் எழலாம், ஏனெனில் லென்ஸின் ஓர இருட்டும் நெபுலாவைப் போலவே தோன்றும். அதே வானத்தை நோக்கியபடியே கமராவை 90 பாகை திருப்பி மீண்டும் எடுங்கள். விண்மீன்களோடு சேர்ந்து திரும்பும் இருள் வானத்துடையது. படச்சட்டத்தின் அதே மூலையில் நிற்பது லென்ஸுடையது.