ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்

அவைத் தலைவர் அவர்களே, ஆலை நிர்வாகிகளே, தொழிற்சங்கத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பணியிடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமா என்ற கேள்விக்கு இந்நாடு 1948-ஆம் ஆண்டிலேயே விடை சொல்லிவிட்டது. அவ்வாண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48-ஆம் பிரிவில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள தூய்மையான அறை வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று விதித்ததோடு, இலவசப் பாலுக்கும் தாய் வந்து பாலூட்டிச் செல்வதற்கும் மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும் இடம் கொடுத்தது. அத்தனையும் எழுதி வைத்த பிறகும், ஆலையில் வேலை செய்யும் பெண்ணின் கைக்குழந்தை முடியாத பாட்டியின் மடியிலோ, படிப்பை நிறுத்திவிட்ட அக்காளின் இடுப்பிலோ இருப்பது ஏன் என்பதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

ஒரு குழந்தையின் நாட்காட்டியை வைத்துப் பார்ப்போம். பேறுகால நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே தாய் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு நாலு மாதம் முதல் ஆறு மாதம் வரைதான் ஆகியிருக்கும். நம் ஊர் அங்கன்வாடி முன்பருவக் கல்விக்குக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வது இரண்டு வயதில். இடையில் கிடக்கும் ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில்தான் பெரும்பாலான பெண்கள் வேலையை விடுகிறார்கள் என்பது உங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். காப்பகம் என்று நாம் கட்டுவது இந்த வயதுக்காக இருக்க வேண்டும். ஆனால் நம் காப்பகச் சுவர்களில் எழுதியிருப்பதோ அ, ஆ, இ, ஈ!

நான் பார்த்த ஓர் ஆலையில் காப்பக அறை நன்றாகவே இருந்தது. மூன்று தொட்டில்களின் கயிறும் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது, பொம்மைகள் பாலிதீன் உறையோடு அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன, சாவி கேட்டில் உள்ள காவலாளியிடம் இருந்தது. அதிகாரி வரும் நாளில் திறப்பார்களாம். இதை அந்த நிர்வாகத்தின் தீய எண்ணம் என்று மட்டும் சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு நாலரை மணிக்கே கிராமத்தில் கம்பெனி பஸ் ஏறும் பெண், ஐந்து மாதக் குழந்தையை அந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு வர மாட்டாள். அறையைக் கட்டியவர்கள் பஸ்ஸை யோசிக்கவில்லை.

இன்னொரு சிக்கல் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. எத்தனை பெண்கள் வேலை செய்தால் ஆலையில் காப்பகம் கட்டாயம் என்பதற்கு, 1948-இல் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த வரம்பு 1976-இல் 30 ஆகக் குறைக்கப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பெண்களின் தலையை மட்டும் எண்ணினால், பட்டியலை 30-இலேயே நிறுத்திக்கொள்ளும் ஆசையும் சிலருக்குக் கூடவே வரும். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் பாராமல் 50 ஊழியர் உள்ள நிறுவனம் என்று கணக்கை மாற்றியது சரியான திருத்தம். எனினும் நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வரும் உரிமையை அது தாய்க்கு மட்டுமே தந்தது. தகப்பன் எட்டிப் பார்த்தால் குழந்தை அழுதுவிடுமா என்ன?

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பல நிறுவனங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு பொதுக் காப்பகம் நடத்த வெளிப்படையாகவே வழி விட்டிருக்கிறது. தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு முதலாளிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தனித்தனியாக நான்கு பூட்டிய அறைகள் இருப்பதைவிட, பஸ் வரும் தடத்தில், பெண்கள் ஏறும் ஊரிலேயே ஒரு காப்பகம் திறந்திருக்கலாம். பால் குடிக்கும் குழந்தைகளுக்கு மட்டும் ஆலைக்கு அருகில் ஒன்று போதும். தாய் இருக்கும் இடத்துக்குக் காப்பகம் போக வேண்டும் என்பதை, 1969-இல் டெல்லி ராஜ்காட் பகுதிக் கட்டுமானத் தளத்தில் தொடங்கி, சமூக சேவகி மீரா மகாதேவன் தம் நடமாடும் காப்பகங்களால் செய்தே காட்டினார்.

கடைசியாக ஆயாவின் சம்பளம். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது: வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்த வேண்டும், மண் வெட்டுகிறவருக்குத் தரும் கூலியையே அவருக்கும் தர வேண்டும். நம் ஆலைகளிலோ, துப்புரவுக்கு வந்த ஒப்பந்தப் பெண்ணையே மதியத்துக்கு மேல் காப்பகத்தில் உட்கார வைக்கிறோம். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் ஆயாவை நிரந்தரப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையைத் தொழிற்சங்கத் தோழர்கள் முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். நிர்வாகிகள் அதைப் பேரம் பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வணக்கம்.