தண்ணீர் வருவதற்குள் அளந்துவிட வேண்டும்

(திருவாரூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தொழில் ஒழுங்கும் புகார் விசாரணையும்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்புக்கு இத்தனை பேர் வந்ததே ஆச்சரியம். பாதிப் பேர் சுண்டலுக்காக வந்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. டாக்டர், வக்கீல், ஆடிட்டர், இன்ஜினியர் தப்புச் செய்தால் நாம் யாரிடம் போவது? தப்பே செய்யாமல் புகாரில் மாட்டிக்கொண்டால் அவர்கள் கதி என்ன? இவ்வளவுதான் விஷயம். இந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் நின்றவன். அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் என்மேல் வந்த புகார். அரசு வேலையில் உதவிப் பொறியாளராக இருந்தேன், துறையின் பெயர் வேண்டாம். ஒரு மே மாதம், வாய்க்கால் ஒன்றில் தூர்வாரும் வேலை. பொக்லைன் விட்டு மண்ணை எடுத்துக் கரையில் கொட்டி, லெவல் பார்த்து, எம்-புக்கில் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எம்-புக் என்பது அளவுப் புத்தகம். அதில் ஏறிய அளவுக்குத்தான் பில் போடுவார்கள். ஜூன் முதல் வாரத்தில் மேலே ஒரு மொட்டை மனு போயிருக்கிறது: பாதி தூரம் மண்வெட்டியே படவில்லை, பட்டதாக எழுதிவிட்டார் என்று.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். நாலைந்து நாளில் கல்லணை. மாதம் முடிவதற்குள் எங்கள் வாய்க்காலிலும் தண்ணீர். விசாரணைக்கு ஆள் வந்தது செப்டம்பரில். குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். வாய்க்கால் மார்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“இதுல எதைய்யா அளக்கிறது?” என்றார்.

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன்” என்றேன்.

சரி, கரையில் கொட்டிய மண்ணையாவது பார்க்கலாம் என்றால், பாதியை ஊர்க்காரர்கள் மனை மேடாக்க அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மீதியில் புல் வளர்ந்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மனு வந்த மறுநாளே டேப்பும் லெவலும் எடுத்துக்கொண்டு ஒருத்தர் வந்திருந்தால், காலை டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்திருக்கும். நான் பொய் எழுதியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பேன். மனு பொய் என்றால் அன்றைக்கே கிழித்திருக்கலாம். அந்த அரை நாள் வேலை எனக்கு நாலரை வருஷம் ஆனது.

17-பி கொடுத்தார்கள். அரசு ஊழியர் வீடுகளில் இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17-ஏ சிறிய தண்டனைக்கு, விளக்கம் வாங்கி முடித்துவிடுவார்கள். 17-பி பெரிய தண்டனைக்கு. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, சாட்சி, குறுக்கு விசாரணை, விசாரணை அறிக்கை எல்லாம் உண்டு. அந்த அறிக்கையின் நகலை ஊழியர் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று 1993ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. என் விஷயத்தில் இதெல்லாம் முறைப்படிதான் நடந்தது, ஒரு காகிதம் குறையவில்லை. ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலதிகாரி ஆனார்கள். கல்யாண வீட்டில் என் மனைவியிடம், “உங்க வீட்டுக்காரர் கேஸ் என்னாச்சு?” என்று பந்தியில் வைத்து விசாரித்தார்கள். அவள் அதற்கப்புறம் ரெண்டு வருஷம் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை.

கடைசியில் வந்த உத்தரவு ஒரே வரி: “மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.” இவன் திருடன் என்றும் அதில் இல்லை, திருடன் இல்லை என்றும் இல்லை.

அடுத்தது நான் கொடுத்த புகார். என் அம்மாவுக்கு சல்ஃபா மாத்திரை ஆகாது. டெல்டாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அதைச் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் பெண் தலையாட்டினார். அன்று இரவு அந்த மாத்திரையையே கொடுத்திருக்கிறார்கள். விடிவதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி மூச்சு வாங்கி ஐசியூவுக்குப் போனார். பிழைத்து வந்தார், ஆனால் பழையபடி எழுந்து நடமாடவில்லை.

கேஸ் ஷீட் கேட்டேன். 2002ஆம் வருஷத்து மருத்துவர் நடத்தை விதிமுறை என்ன சொல்கிறது? நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணத்தைத் தர வேண்டும், மூன்று வருஷம் பாதுகாத்து வைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 19ஆம் நாள். “ரெக்கார்டு செக்‌ஷன்ல ஆள் லீவு” என்பதை நான் கேட்காத நாளில்லை. வந்த ஜெராக்ஸில் ‘அலர்ஜி’ என்று அச்சிட்ட கட்டம் காலியாக இருந்தது. நான் சொன்னது அந்தப் பெண்ணின் காதுக்கும் அந்தக் கட்டத்துக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.

நிர்வாகத்துக்கு எழுதினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில்: “தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. சிகிச்சையில் குறைபாடு காணப்படவில்லை.”

அன்று இரவு பீரோவிலிருந்து என் பழைய உத்தரவை எடுத்து இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஆள் எழுதியது போலிருந்தது. ஒன்றில் நான் குற்றவாளிக் கூண்டில், இன்னொன்றில் புகார்தாரர். இரண்டிலும் எதைப் பார்த்தோம், யாரைக் கேட்டோம், ஏன் இந்த முடிவுக்கு வந்தோம் என்று ஒரு சொல் கிடையாது. அந்த நர்ஸ் பெண்ணுக்கு வேலை போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, அன்று இரவு எத்தனை கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. அந்தக் கட்டம் ஏன் காலியாக இருந்தது என்று மட்டும் யாராவது எழுதியிருந்தால் போதும்.

புகார் கொடுப்பவர்களை நிறையப் பேர் பழி வாங்க வந்தவர்களாகவே பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் பதில் கேட்டுத்தான் வருகிறார்கள். பதில் இல்லாதபோதுதான் ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடைகிறது. உடைப்பவர்களைத் தண்டிக்க 2008லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. இருக்க வேண்டிய சட்டம்தான், மறுக்கவில்லை. மருத்துவத்தில் நடக்கிற ஒவ்வொரு தவறுக்கும் டாக்டரைக் கிரிமினல் கேஸில் இழுக்கக் கூடாது, மிக மோசமான கவனக்குறைவாக இருந்தால்தான் என்று 2005ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நான் ஏற்கிறேன். போலீஸ் கதவைச் சாத்தியது நியாயமென்றால், டாக்டர்கள்மேல் வரும் புகாரை விசாரிக்கிற மருத்துவக் கவுன்சிலின் கதவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? 2019ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவைப் படியுங்கள். மாநில கவுன்சிலின் முடிவு பிடிக்காவிட்டால் டாக்டர் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. புகார் கொடுத்த நோயாளி செய்யலாமா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. முன்பிருந்த 2002 விதிமுறையில் கவுன்சில் முடிவால் பாதிக்கப்பட்ட யாரும் போகலாம் என்று இருந்தது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

வக்கீல்கள் விஷயத்தில் காலக்கெடுவுக்குப் பல் உண்டு. 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டப்படி மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரு வருஷத்தில் முடிக்காவிட்டால் விவகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். ஆனால் அந்தக் குழுவின் மூன்று பேருமே வக்கீல்கள். தொழில் தெரிந்தவன்தான் தொழிலின் தப்பைக் கண்டுபிடிப்பான், உண்மை. எம்-புக் பார்க்கத் தெரியாதவர் என்னை விசாரித்திருந்தால் நான் இன்னும் திண்டாடியிருப்பேன். அதேசமயம் பங்காளிகள் மட்டும் உட்கார்ந்து பேசுகிற பஞ்சாயத்தை வெளியாள் எப்படி நம்புவான்? பிரிட்டனில் பொது மருத்துவக் கவுன்சிலில் பாதி இடம் டாக்டர் அல்லாதவர்களுக்கு. 2012லிருந்து புகாரைத் துருவுவது ஒரு பக்கம், தீர்ப்புச் சொல்வது தனித் தீர்ப்பாயம் என்று பிரித்தும்விட்டார்கள். துருவியவனே தீர்ப்பும் எழுதினால் தான் தோண்டிய குழி வீண் என்று எழுத யாருக்கு மனசு வரும்?

தண்டனையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காது கேளாத முதியவர் ஒருவரையும் அவர் மனைவியையும் ஏமாற்றியதாகத் தமிழ்நாட்டு வக்கீல் ஒருவருக்கு மாநில பார் கவுன்சில் ஆறு வருஷம் தடை போட்டது, இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாக்கியது. 1978ல் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி கிருஷ்ணய்யர், சும்மா வீட்டில் உட்கார வைப்பதால் யாருக்கு லாபம் என்கிற மாதிரி யோசித்தார். பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடு, இலவசச் சட்ட உதவியில் ஏழைகளுக்கு வேலை செய் என்று உத்தரவிட்டார். ரொம்ப மென்மை என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்ஜினியர்களுக்கு, அதாவது எங்கள் ஆட்களுக்கு, டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் இருப்பதைப் போல நாடு முழுக்கச் சட்டப்படியான கவுன்சிலே கிடையாது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972லேயே சட்டம் வந்தது, எங்களுக்கு வரவில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில். பத்து வருஷம். அந்த ஊர் வழியாகப் போகும்போது, கையெழுத்துப் போட்டுச் சம்பாதித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னும் கை கூசும்.

திருவாரூரில் நின்றுகொண்டு மனுநீதிச் சோழனைச் சொல்லாமல் இறங்க விடமாட்டீர்கள். கலெக்டர் முகாமுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தேர் இல்லை, மணி. பசு தலையை ஆட்டினால் அடிக்கிற உயரத்தில் கட்டியிருந்தான் பாருங்கள், அது. கைநாட்டு வைக்கிற கிழவிக்கு எட்டுகிற உயரத்தில் இன்று எந்த மணி இருக்கிறது? ஆனால் உள்ளூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று கேட்கிறேன். கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்ததா, பையன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினானா என்று அவனை யாராவது கேட்டார்களா? கோயிலுக்கு வெளியே அந்தக் கல்தேரைப் பார்க்கும்போதெல்லாம் நான் சக்கரத்துக்கு அடியில் கிடக்கிற பையனையே பார்ப்பேன். நாலரை வருஷம் அந்த இடத்தில் கிடந்தவன் என்பதால் இருக்கலாம்.

நேரமாகிவிட்டது. மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் கிளம்பலாம். ஆஸ்பத்திரி விஷயமாகப் புகார் எழுத நினைப்பவர்கள் முதலில் கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதிக்கு ஒப்புகை வாங்குங்கள். 17-பி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வெட்கப்பட வேண்டாம், குறிப்பாணையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். அந்த டீக்கடைப் பெஞ்சில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பேன்.