யார்க் நகரத்துல கிறிஸ்துமஸ் பேய் நடை: கிளம்புறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கோங்க

வணக்கம் மக்களே! இங்கிலாந்துல, யார்க். டிசம்பர்ல இங்க சாயங்காலம் மூணே முக்காலுக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும். கிறிஸ்துமஸ் நேரத்துல கணப்பு பக்கத்துல உக்காந்து பேய்க்கதை சொல்றது இங்கிலீஷ்காரங்களோட பழைய வழக்கம். அதையே சந்து சந்தா நடந்துக்கிட்டு கேக்கறதுதான் பேய் நடை. யார்க்ல 1973-லேர்ந்து இது நடக்குது.

ரொம்பப் பழைய நடை ஊஸ் ஆத்தங்கரையில, கிங்ஸ் ஆர்ம்ஸ் பப் வாசல்ல கிளம்பும். அந்தப் படித்துறை மழைக்காலத்துல முங்கிடும். எந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு பப்புக்குள்ளயே குறிச்சு வெச்சிருக்காங்க. 2015-ல கிறிஸ்துமஸுக்கு மறுநாளே ஊருக்குள்ள வெள்ளம். அதனால மத்தியானமே ஆத்து மட்டத்தைப் பாத்துட்டு, எங்க கூடணும்னு உறுதி பண்ணிக்கோங்க.

நடை ஒண்ணேகால் மணி நேரம்னு வெச்சுக்கோங்க. நடக்கறது கம்மி, நிக்கறதுதான் ஜாஸ்தி. குளிர் உள்ளங்கால் வழியாத்தான் ஏறும். நிறைய பேர் ரெண்டு சாக்ஸ் போட்டு, இறுக்கமான ஷூவுக்குள்ள காலைத் திணிச்சுடறாங்க. ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் விறைச்சுப் போகும். தடிமனான கம்பளி சாக்ஸ் ஒண்ணு, தடிச்ச ரப்பர் அடி ஷூ, உள்ள விரலை அசைக்க இடம், அது போதும். லெதர் அடி வேண்டாம், ஈரக் கல்லுல வழுக்கிவிடும்.

சந்துல பின்னாடி நின்னா ஒண்ணும் கேக்காது, பெரும்பாலும் மைக் கிடையாது. கதை முடியப் போகுதுன்னு தெரிஞ்சதும் கைடு பக்கத்துல போயிடுங்க. அவர் நகரும்போது முதல் நாலஞ்சு பேர்ல ஒருத்தரா இருக்கணும்.

காதைத் தீட்டிக்க வேண்டிய இடம் மின்ஸ்டர் பேராலயத்துக்குப் பின்னாடி, ட்ரெஷரர்ஸ் ஹவுஸ்ங்கற பழைய மாளிகை. 1953-ல நிலவறையில வேலை செஞ்ச பிளம்பர் பையன் ஒருத்தன், சுவத்துக்குள்ளேர்ந்து ரோமானியச் சிப்பாய்ங்க வரிசையா வந்ததா சொன்னான். முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியலையாம். பள்ளம் தோண்டியிருந்த இடத்துக்கு வந்ததும்தான் பாதம் தெரிஞ்சுதாம். பழைய ரோமானிய ரோடு அந்த மட்டத்துலதான் இருந்துச்சு! கேடயம் வட்டமா இருந்துச்சுன்னு வேற சொன்னான். ரோமானியக் கேடயம் நீள்சதுரமாச்சேன்னு சந்தேகப்பட்டாங்க. ஆனா துணைப்படைக்காரங்க வட்டக் கேடயமும் வெச்சிருந்தாங்க. பேயை நம்பினாலும் நம்பாட்டியும், அந்த முழங்கால் கணக்கை நின்னு கேளுங்க.

மேட்டு மேல நிக்கற பழைய கோட்டைக் கோபுரம், கிளிஃபர்ட்ஸ் டவரும் பக்கம்தான். 1190-ல யூதக் குடும்பங்கள் கலவரக் கும்பலுக்குப் பயந்து அந்த மேட்டுல அடைக்கலம் புகுந்து, அங்கயே மாண்டு போனாங்க. அதைப் பேய்க்கதையா கேக்காதீங்க. பகல்ல தனியா போய் நின்னு பாத்துட்டு வாங்க.

ஃபோனை உள்சட்டைப் பையில வைங்க, குளிர்ல சார்ஜ் சடசடன்னு இறங்கும். ஃபிளாஷ் போட்டா முன்னாடி நிக்கறவங்க முதுகு மட்டும்தான் வெளிச்சமா விழும். அதுக்குப் பதிலா தெரு விளக்கைத் திரையில அழுத்திப் பிடிச்சு வெளிச்ச அளவை லாக் பண்ணுங்க, மிச்சமெல்லாம் இருட்டா அழகா வரும்.

சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். பார்லிமென்ட் ஸ்ட்ரீட்ல கிறிஸ்துமஸ் சந்தை, கூட்டம், சத்தம். செவ்வாய், புதன்ல போங்க. லண்டன் கிங்ஸ் கிராஸ்லேர்ந்து ரயில்ல ரெண்டு மணி நேரம். ஆனா 25-ம் தேதி ரயிலே ஓடாது, 26-ம் தேதியும் இந்தத் தடத்துல பெரும்பாலும் ஓடாது. அதுக்கேத்த மாதிரி தங்கற நாளைக் கூட்டிப் போட்டுக்கோங்க.