பிரசங்க மேடைக்கு எதிரே

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் திருச்சபை ஊழியம் எப்படி நடக்க வேண்டும், குறிப்பாகப் பிரசங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். இந்த நாட்களைச் சிலர் லெந்து நாட்கள் என்போம், சிலர் தவக்காலம் என்பார்கள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. போதகர்களுக்கும் குருக்களுக்கும் ஆண்டிலேயே வேலை நெருக்கும் காலம் இதுதான். வாரநாள் ஆராதனைகள், பாடகர் குழு ஒத்திகை, குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நடுவில், "இந்த வருஷம் என்ன பேசுவது?" என்ற கேள்வி ஊழியரைத் தூங்கவிடாது.

அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாரிடம் பேசப் போகிறேன்? மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்? அது தெரிந்துவிட்டால் என்ன பேசுவது என்பதில் பாதி தெளிவாகிவிடும். இந்த நாற்பது நாட்கள் திருச்சபையில் வேரூன்றிய விதத்தைப் பார்த்தாலே இது புரியும்.

4ஆம் நூற்றாண்டின் எருசலேமை எடுத்துக்கொள்ளுங்கள். 380களில் எகேரியா என்ற பெண்மணி அங்கே புனிதப் பயணம் போய், தான் பார்த்ததையெல்லாம் ஊரில் இருந்த தன் சகோதரிகளுக்கு எழுதி வைத்தார். ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்கள் தவக்காலத் தொடக்கத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஆயர் அவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அவர்களுடைய அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பார். இவர் நல்லபடியாக வாழ்கிறாரா, பெற்றோரை மதிக்கிறாரா, குடிக்கிறவரா என்று கேட்பார். குறை இல்லை என்றால் தன் கையாலேயே பெயரை எழுதிக்கொள்வார். அப்புறம் தினமும் காலையில் மூன்று மணி நேரம் அவர்களுக்கு வேதத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்றுக்கொடுப்பார். ஆயர் பேசியது கிரேக்கத்தில். அது புரியாதவர்களுக்காக ஒரு குரு பக்கத்திலேயே நின்று சிரியாக் மொழியில் சொல்வார். லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கும் யாராவது விளக்கிச் சொன்னார்கள். இதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், 350ஐ ஒட்டி, அதே நகரத்தில் சிரில் என்ற ஊழியர் இப்படிக் கற்பித்த 18 போதனைகள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. விசுவாசப் பிரமாணத்தைத் தாளில் எழுத வேண்டாம், இருதயத்தில் பதித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்வதைப் படிக்கும்போது, எதிரே இருக்கிற முகங்களைப் பார்த்துப் பேசுகிறார் என்பது தெரிகிறது.

பெயர் தெரிந்தவர்களுக்காகப் பேசப்பட்ட பேச்சு அது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, புரியாதவருக்கு அவருடைய மொழியிலேயே சொல்லி, ஈஸ்டர் வரை கூடவே நடத்திக்கொண்டு போன ஊழியம். ஞானஸ்நானத்துக்கோ உறுதிப்பூசுதலுக்கோ ஆயத்தமாகிறவர்கள் இன்றைக்கும் பல சபைகளில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வகுப்பு ஏதோ ஓர் அறையில் தனியாக நடக்கும். சபையில் மற்றவர்களுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. இந்த வாரங்களில் அவர்களைச் சபையின் நடுவில் நிறுத்தி, பெயர் சொல்லி ஜெபித்தாலே தவக்காலத்தின் பழைய உயிர் கொஞ்சம் திரும்பிவிடும்.

என் மனதை விட்டு அகலாத ஒரு தவக்காலம் உண்டு. 387ஆம் ஆண்டு, அந்தியோகியா நகரம். ரோமப் பேரரசர் தியோடோசியஸ் புதிய வரி விதித்தார். ஜனங்கள் கொதித்துப்போய்த் தெருவில் இறங்கினார்கள். பேரரசரின் சிலைகளையும் அவர் குடும்பத்தாரின் சிலைகளையும் கீழே தள்ளி இழுத்துக்கொண்டு போனார்கள். கோபம் தணிந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. பேரரசரின் சிலையைத் தொடுவது பேரரசரையே தொடுவதற்குச் சமம். கைதுகள் தொடங்கின, மரண தண்டனைகளும் நிறைவேறின. நகரத்தையே அழித்துவிடுவார்கள் என்ற பேச்சு பரவி, பலர் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். சந்தைவெளி காலியானது. ஆயர் பிளேவியன் வயதானவர். சாகக் கிடந்த தன் சகோதரியையும் விட்டுவிட்டு, பேரரசரிடம் மன்னிப்புக் கேட்கக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கிளம்பினார்.

சபையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு, முந்தின ஆண்டுதான் குருவாக அபிஷேகம் பெற்ற யோவான் கிறிசொஸ்தோமின் மேல் விழுந்தது. கலவரம் முடிந்ததும் அவர் உடனே மேடை ஏறவில்லை. ஏழு நாள் பேசாமல் இருந்தார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் மௌனமாக உட்கார்ந்திருந்ததுபோல நாங்களும் இருந்தோம் என்று பிறகு அவரே சொல்கிறார். அதன்பிறகு தவக்காலம் முழுக்கப் பேசினார். அந்தப் பிரசங்கங்களின் தொகுப்பில் 21 இன்றும் கிடைக்கின்றன. வாசித்துப் பாருங்கள். இன்றைக்கு நகரத்தில் என்ன நடந்தது, யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், நீதிமன்ற வாசலில் தாய்மார்கள் எப்படிக் கிடந்தார்கள் என்றெல்லாம் பேசுகிறார். பயந்தவர்களைத் தேற்றுகிறார், மரணத்துக்கு ஏன் அஞ்ச வேண்டாம் என்று சொல்கிறார். அதே மூச்சில், எதற்கெடுத்தாலும் சத்தியம் செய்கிற பழக்கத்தை இந்த நாட்களிலாவது விடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார். முதலில் படிக்கும்போது இது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றியது. யோசித்தால், உயிர் பயத்தில் இருக்கிறவனுக்கு இன்றே செய்துமுடிக்கக் கூடிய ஒரு காரியத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். நகரத்தின் விதி அவன் கையில் இல்லை, அவன் நாக்கு அவன் கையில் இருக்கிறது. ஈஸ்டர் நேரத்தில் பிளேவியன் மன்னிப்போடு திரும்பி வந்தார்.

ஜனங்கள் பயந்திருக்கிற காலத்தில் பயமே இல்லாததுபோலப் பேசாமல், முதலில் அவர்களோடு மௌனமாக உட்கார்ந்து, பிறகு அவர்களுடைய வாரத்துக்குள்ளேயே நின்று பேசினார் அவர். ஊழியத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே கிறிசொஸ்தோம், இதே நகரத்தில், 386-387 காலத்திலேயே, யூதர்களின் பண்டிகைகளுக்குப் போய்வந்த கிறிஸ்தவர்களைக் கண்டித்து எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். அவற்றில் யூதர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் மிகக் கொடியவை. பின்னால் பல நூற்றாண்டுகள் அந்த வார்த்தைகள் வெறுப்பை வளர்க்கப் பயன்பட்டன. பெரிய வெள்ளிப் பிரசங்கத்தின் வரலாற்றில் இந்தக் கறை ஆழமானது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்களின் பேரவை, ஈஸ்டருக்கு முந்தின கடைசி மூன்று நாட்களில் யூதர்கள் வெளியே நடமாடக் கூடாது என்றே விதி போட்டது. 1965இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்கான பழியை அன்றிருந்த எல்லா யூதர்கள் மேலோ இன்றைய யூதர்கள் மேலோ சுமத்த முடியாது என்று தெளிவாக அறிவித்தது. இயேசுவும் யூதர், மரியாளும் யூதர், சிலுவைக்குத் தூரத்தில் நின்று பார்த்த பெண்களும் யூதர்கள். பாடுகளின் கதையைச் சொல்கிற யாரும், கேட்கிறவர்கள் மனதில் இன்னொரு ஜனத்தின்மேல் கசப்போடு வீட்டுக்குப் போகும்படி சொல்லக் கூடாது. அன்பு நிறைந்த வாயிலிருந்தே அந்த விஷமும் வந்தது என்பதை ஊழியர்கள் ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பெரிய வெள்ளிக்கு வருவோம். பல சபைகளில் அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். இந்த ஏழும் எந்த ஒரு சுவிசேஷத்திலும் சேர்ந்து வருவதில்லை. லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. மத்தேயுவும் மாற்கும் சொல்வது ஒன்றே ஒன்று: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" ஏழையும் கோத்துத் தியானிப்பதில் தவறில்லை, பலருக்கு அது ஆழமான அனுபவம். ஆனாலும் மாற்கு அந்த ஒரே கதறலோடு நிறுத்திக்கொண்டதை நாம் அவசரமாக ஆறுதல் வசனங்களால் மூடிவிடுகிறோமோ என்று எனக்குக் கவலை உண்டு. ஏதாவது ஒரு வருஷம் ஒரே சுவிசேஷத்தை எடுத்து, அதன் பாடுகளின் பகுதியை முழுசாக, நிதானமாகச் சத்தமாய் வாசித்துப் பாருங்கள். மாற்குவின் 16 அதிகாரங்களில் கடைசி ஆறு, அந்த ஒரு வாரத்துக்கே உரியவை. எகேரியா பார்த்த எருசலேமில் பெரிய வெள்ளி நடுப்பகல் மூன்று மணி நேரமும் வேத வாசிப்பும் பாடலும் ஜெபமும்தான். பெரியவர் சிறியவர் எல்லாரும் அழுதார்கள் என்கிறார். கெத்செமனேயில் இயேசு பிடிபட்ட பகுதியை வாசித்தபோது எழுந்த அழுகுரல் நகரம்வரை கேட்டதாம். வாசிப்பே அதைச் செய்தது.

சுவிசேஷகர்களின் அடக்கத்தையும் கவனியுங்கள். சிலுவையில் அறைந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆணி என்ற சொல் சிலுவைக் காட்சியில் எங்குமே இல்லை. உயிர்த்தெழுதலுக்குப் பிறகு தோமாதான் ஆணிக் காயங்களைப் பற்றிப் பேசுகிறார். நாமோ ஒவ்வொரு அடியையும் ஒவ்வொரு காயத்தையும் வர்ணித்து ஜனங்களை அழவைக்கப் பார்க்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் கண்முன்னால் சாவைப் பார்த்தவர் இருக்கலாம், விபத்தில் பிள்ளையை இழந்தவர் இருக்கலாம், சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். மாற்கு ரத்தத்தை வர்ணிக்கவில்லை. ஆனால் சிலுவையைச் சுமந்த சீமோன், அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று மறக்காமல் எழுதுகிறார். அந்தப் பிள்ளைகளை அவருடைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. ஆட்களின் பெயர் அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

அந்த ஏழில் முதல் வார்த்தையைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற ஜெபத்தை எடுத்துக்கொண்டு, வீட்டில் அடிபடுகிற பெண்ணிடம், நீயும் மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ என்று சொல்லாதீர்கள். நேராகச் சொல்லாவிட்டாலும் அவர் காதில் அப்படித்தான் விழும். இயேசு அந்த ஜெபத்தைத் தாமாகவே செய்தார், யாரும் அவரை வற்புறுத்தவில்லை. மன்னிப்பைப் பற்றிப் பேசும்போதே, அடிவாங்கிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டியதில்லை, உதவி கேட்கலாம், பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், சபை உன்னோடு நிற்கும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, அதற்கான ஏற்பாடும் இருக்கட்டும்.

வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இருக்கும் சனிக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சுவிசேஷங்களும் அதிகம் சொல்வதில்லை. பெண்கள் பரிமளதைலங்களை ஆயத்தம்பண்ணிவிட்டு, ஓய்வுநாள் கட்டளையின்படி ஓய்ந்திருந்தார்கள் என்று லூக்கா முடித்துவிடுகிறார். சபையில் பலர் பல வருஷமாக அந்தச் சனிக்கிழமையிலேயே இருக்கிறார்கள். ஜெபம் கேட்கப்படவில்லை, வியாதி தீரவில்லை, போனவர் திரும்பவில்லை. அவர்களை ஞாயிறுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

ஈஸ்டர் காலையில் ஆலயம் நிறைந்திருக்கும். வருஷம் முழுக்க வராத முகங்களும் தெரியும். "இன்றைக்காவது வந்தீர்களே" என்று மேடையிலிருந்து குத்திப் பேசுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். வந்தவர் எதைச் சுமந்துகொண்டு வந்தார் என்று நமக்குத் தெரியாது. இயேசு உயிர்த்தெழுந்த நாளில் எம்மாவு என்ற ஊருக்குப் போன சீஷர்கள் "நாங்கள் நம்பியிருந்தோம்" என்று சொன்னபோது, இயேசு முதலில் அவர்களைப் பேசவிட்டு, கூடவே நடந்தார். மாற்குவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள், பெண்கள் பயந்துபோய் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு முடிகின்றன. முதல் ஈஸ்டர் காலையிலேயே பயத்துக்கும் திகைப்புக்கும் இடம் இருந்திருக்கிறது. பயந்துகொண்டு வருகிறவருக்கு நம் ஆலயத்திலும் அந்த இடம் இருக்கட்டும்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் களைத்துப்போயிருப்பார்கள். ஓய்வு எடுக்கட்டும், சபையும் அவர்களை விடட்டும். எருசலேமில் ஞானஸ்நானம் பெற்றவர்களை ஈஸ்டருக்கு அடுத்த வாரமும் கூட்டி, அவர்கள் பெற்றுக்கொண்டது என்ன என்று விளக்கினார்கள். பண்டிகையோடு அவர்களைக் கைவிடவில்லை. நாமும் இப்போதே ஒரு பட்டியல் போட்டு வைக்கலாம்: இந்த வருஷம் வீட்டில் சாவு நடந்தவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவர்கள், வருவதையே நிறுத்திக்கொண்டவர்கள். ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்துக்குள் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். போதகர் மட்டும் போனால் முடியாது. மூப்பர்கள், பெண்கள் ஐக்கியம், வாலிபர்கள் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். போகிற இடத்தில் பிரசங்கம் வேண்டாம். முதலில் அவர்கள் பேசட்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.