பாதுகாப்பு என்று சொல்லித்தான் உள்ளே வருவார்கள்

(தருமபுரியில் கல்லூரி மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சை அதிகம் திருத்தவில்லை.)

தம்பிகளே, தங்கைகளே, பின்னால் நிற்கிற பெற்றோர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் போலீஸ் எப்படி ராணுவம் மாதிரி ஆனது என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். பேசுகிறேன். ஆனால் தருமபுரியில் நின்றுகொண்டு சீருடையைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் அரூர் பக்கம் இருக்கிற வாச்சாத்திக்குப் போகாமல் இருக்க முடியாது. அதனால் எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓஹியோ. 2013-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் போலீசுக்கு ஒரு வண்டி வந்து சேர்ந்தது. எம்ராப் என்பார்கள். தரையில் கண்ணிவெடி வெடித்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்காகச் செய்த கவச வண்டி அது. எத்தனையோ டன் எடை. பிள்ளைகள் புத்தகப் பையோடு நடந்து போகிற இடத்தில் அதற்கு என்ன வேலை? பல்கலைக்கழகம் சொன்ன காரணங்களில் ஒன்று, கால்பந்துப் போட்டி நடக்கும் நாட்களில் கொண்டு வந்து நிறுத்தலாம் என்பது.

அந்த வண்டி எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. அங்கே பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாகவே போலீஸ் உண்டு. நம் கல்லூரி வாட்ச்மேன் மாதிரி கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் இடுப்பில் துப்பாக்கியும் உள்ள நிஜப் போலீஸ். யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே இது தொடங்கிவிட்டது. அப்புறம் 1990-களில் போதைப்பொருள் ஒழிப்பு என்று சொல்லி, ராணுவத்தில் மிஞ்சிய தளவாடங்களை உள்ளூர் போலீசுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 1033-ஆவது பிரிவு இதை நிரந்தரமாக்கியது. பொருளுக்கு விலை கிடையாது, கொண்டு வரும் செலவும் பராமரிப்புச் செலவும்தான் வாங்குகிறவர் தலையில். அமெரிக்கா முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்களின் போலீஸ் இந்தத் திட்டத்தில் பொருள் வாங்கியிருக்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: வாங்கிய ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஆபத்து வந்தால் ஆயுதம் எடுப்பது என்ற வரிசை இங்கே அப்படியே தலைகீழாகிவிடுகிறது. ஆயுதம் முதலில் வந்துவிட்டது, அதற்கு வேலை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். போராட்டம் நடத்துகிற மாணவனைத் தவிர ஒரு பல்கலைக்கழகத்துக்குள் அதற்கு வேறு யார் அகப்படப் போகிறார்கள்?

கலிபோர்னியாவில் டேவிஸ் என்று ஓர் ஊர். 2011 நவம்பரில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் கைகோத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து நிற்கக்கூட இல்லை. வளாகப் போலீஸ் அதிகாரி ஒருவர் வரிசையாக நடந்துகொண்டே அவர்கள் முகத்தில் மிளகு ஸ்பிரே அடித்தார், செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது போல, அத்தனை நிதானமாக. படம் உலகம் முழுக்கப் போனது. பல்கலைக்கழகம் பிறகு நஷ்டஈடு கொடுத்தது. அதே டேவிஸில், 2014-இல் நகரப் போலீசுக்கு ஓர் எம்ராப் வந்தபோது, ஊர்மக்கள் நகர மன்றக் கூட்டத்துக்கு நேரில் போய், எங்கள் தெருவுக்கு இது வேண்டாம் என்று சொன்னார்கள். மன்றம் அதைத் தள்ளிவிடத் தீர்மானம் போட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. கூட்டம் என்றைக்கு என்று தெரிந்துகொண்டு, போய் உட்கார்ந்து, வாயைத் திறந்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள், அது நடந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடாது. ஆரிகனில் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2014 டிசம்பரில் வளாகக் காவலுக்குத் துப்பாக்கி கொடுக்க நிர்வாகக் குழு முடிவெடுத்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள், பேராசிரியர்கள் பலரும் எதிர்த்தார்கள், யாராவது சாவார்கள் என்று சொன்னார்கள். 2018 ஜூனில் ஜேசன் வாஷிங்டன் செத்தார். கடற்படையில் வேலை பார்த்தவர், தபால் துறை ஊழியர், மூன்று பெண் பிள்ளைகளின் அப்பா, கருப்பினத்தவர். வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சண்டையை விலக்கிவிடப் போனவரை வளாகப் போலீஸ் சுட்டது. அதன் பிறகு மாணவர்கள் விடவில்லை, அந்தப் போலீஸ் அலுவலகத்தின் முன்னாலேயே முகாம் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2020-இல், ரோந்துக்குத் துப்பாக்கி இல்லாமல் போவோம் என்று நிர்வாகம் அறிவித்தது. அது நடைமுறைக்கு வர இன்னும் ஒரு வருடம். சரி, ஜெயித்தாயிற்று என்று நினைத்தால், 2023-இல் துப்பாக்கி திரும்ப வந்துவிட்டது. நான்கு வருடத்தில் படித்து முடித்துப் போய்விடுகிற பிள்ளைகள் ஜெயித்ததைக் காவல் காக்க அடுத்த வருடப் பிள்ளைகள் வேண்டும். உங்களில் முதல் வருடம் படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். நம் கல்லூரிகளுக்குச் சொந்தப் போலீஸ் இல்லை, கவச வண்டி இல்லை, ஆகவே கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு மாணவர் பாதுகாப்புக்கு என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சுற்றுச்சுவருக்கு மேல் முள்வேலி, கேமரா, கைரேகை வருகைப் பதிவு, வளாகத்துக்குள் போலீஸ் நிலையம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2017-இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாணவர்களுக்குத் தேசபக்தி வர வளாகத்தில் ஒரு ராணுவ டாங்கியை நிறுத்தித் தாருங்கள் என்று மத்திய அமைச்சர்களிடம் மேடையிலேயே கேட்டார். அதே வருடம் செப்டம்பரில் காசி இந்துப் பல்கலைக்கழகப் பெண்கள், வளாகத்துக்குள் எங்களிடம் தவறாக நடக்கிறார்கள், பாதுகாப்பு கொடுங்கள் என்று வாசலில் உட்கார்ந்தார்கள். ராத்திரியில் அவர்கள் மேலேயே தடியடி நடந்தது. பாதுகாப்பு வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளுக்கு, பாதுகாப்புக்கு என்று இருந்தவர்கள் கொடுத்தது அது.

2019 டிசம்பர் 15-ஆம் தேதி டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் போலீஸ் நூலகத்துக்குள்ளேயே புகுந்து அடித்தது. அந்தக் கேமராக் காட்சியைப் பாருங்கள், பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் மேல் தடி விழுகிறது. ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்தில் 2016 மார்ச்சில் தடியடி, கைது, அதோடு விடுதிக்குத் தண்ணீர், கரண்ட், சாப்பாடு எல்லாம் நின்றது. 2025-இல் அதே வளாகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலி 400 ஏக்கரில் ஜேசிபியை விட்டு மரங்களைச் சாய்த்தபோதும் முன்னால் போய் நின்றது மாணவர்கள்தான். உச்ச நீதிமன்றம் தலையிட்டு வேலையை நிறுத்தியது.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1965 ஜனவரி 27, சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். தூரத்துக் கதை என்றால் பக்கத்திலேயே சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி கலை அறிவியல் கல்லூரிகள் இணைந்திருப்பது சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு. அங்கே படித்த ஒரு மாணவி, 2017 ஜூலையில், ஓஎன்ஜிசி எண்ணெய்க் குழாயை எதிர்த்துப் போராடிய கதிராமங்கலத்து மக்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்தார். அவர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. துண்டறிக்கைக்குக் குண்டர் சட்டம்! சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் அதை ரத்து செய்தது, ஆனால் அதற்குள் அந்தப் பெண் ஜெயிலில் கழித்த நாட்கள் போனது போனதுதான். அடுத்த வருடம் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது, நம் அரூர், ஊத்தங்கரை வழியாகவும் போவதாகத் திட்டமிட்ட பாதைதான் அது, கல் நட வந்த அதிகாரிகளோடு போலீசும் வந்தது. சேலம் பக்கத்தில் சொந்த வயலில் நின்று அழுத கிழவிகளைத் தூக்கி வேனில் ஏற்றியதை நீங்களே போனில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது வாச்சாத்தி. உங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை, உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற அந்தப் பழங்குடி ஊருக்குள் இறங்கின. ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், அதில் 13 வயதுப் பெண் குழந்தையும் உண்டு. அதோடு திரும்பிப் போனார்களா என்றால் இல்லை. வீட்டில் இருந்த தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள், கிணற்றில் டீசலை ஊற்றினார்கள், ஆடு மாடுகளை அடித்துக் கொன்று அதிலேயே போட்டார்கள். ஊர் திரும்பி வந்து குடித்தனம் நடத்தக் கூடாது, அதுதான் எண்ணம். பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள், தப்பியவர்கள் மலையேறி ஒளிந்தார்கள். அரசாங்கம் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது.

அந்த வாச்சாத்தி எப்படி வென்றது? மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் அந்த ஊரைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள், வெளியே சொன்னார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் நீதிமன்றம் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்து அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பெண்கள் கோர்ட் கூண்டில் ஏறி, இவன்தான் என்று கைநீட்டிக் காட்டினார்கள். மிரட்டல், பேரம், வாய்தா மேல் வாய்தா, எதற்கும் அவர்கள் சொன்னதை மாற்றவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று இதே தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும், அன்றைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். 31 வருடம் ஆயிற்று. அந்த 31 வருடத்தையும் நம் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தாங்கினார்கள். படித்த நாம் ஒரு மனு எழுத யோசிக்கிறோம்.

ஆமாம், மனுவைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வந்தேன். கலிபோர்னியாவில் 2021-இல் ஒரு சட்டம் வந்தது. போலீஸ், பல்கலைக்கழகப் போலீஸ் உட்பட, கையில் என்னென்ன ராணுவத் தளவாடம் வைத்திருக்கிறது என்று பட்டியல் வெளியிட வேண்டும், பொதுக்கூட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும், வருடா வருடம் கணக்குச் சொல்ல வேண்டும். நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுக் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் அதற்குக் கட்டுப்பட்டவை. உங்கள் வளாகத்தில் எத்தனை கேமரா, பதிவை எத்தனை நாள் வைக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தார்கள்? போலீஸ் உள்ளே வர யார் எழுத்தில் அனுமதி கொடுத்தது? போராட்டத்தில் கலந்துகொண்ட மாணவர்கள் பெயரை வெளியே யாருக்காவது அனுப்பினார்களா? இதையெல்லாம் கேட்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது, சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. தனியாக ஒருவர் பெயரில் போடாதீர்கள், பயமுறுத்துவார்கள். பத்து இருபது பேர் தனித்தனியாக ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று, யாரையாவது போலீஸ் அழைத்துப் போனால் நேரத்தையும் இடத்தையும் உடனே எழுதி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. நேரம் எழுதி வைக்காவிட்டால் அந்த 24 மணி நேரம் எப்போது ஆரம்பித்தது என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு.

வெள்ளைத் தாள் கொண்டு வந்திருக்கிறேன். கிளம்புகிறவர்கள் கிளம்பலாம், மனு எழுதுகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், முதல் மனுவை இப்போதே சேர்ந்து எழுதிவிடலாம்.